கொமரலிங்கத்தில் தொழில் பழக ஓர் இடம்

கிராமத்தில் தொழிற்பயிற்சி மையம் ஒன்று தொடங்கலாம் என்று நாலு பேர் கூடினால், பேச்சு முதலில் இடத்தில்தான் போய் நிற்கும். நிலம் யார் தருவார்கள், கட்டடத்துக்குப் பணம் எங்கே, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று ஒரு மாலைப்பொழுது கழியும். பழகி முடித்தவருக்கு முதல் கூலியை யார் தரப்போகிறார்கள் என்ற கேள்வி அன்றைக்கு வராது. திட்டம் தொடங்க வேண்டியது அந்தக் கேள்வியிலிருந்துதான். முதல் கூலியிலிருந்து பின்னோக்கி நடந்து வந்தால் என்ன தொழில், எத்தனை மாதம், எந்த மாஸ்டர், எத்தனை மெஷின் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளியும். கட்டடம் கடைசியில் வரட்டும். கொமரலிங்கத்தை வைத்துக்கொண்டு அப்படி நடந்து பார்ப்போம்.

ஊரை அறியாதவர்களுக்கு: திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே, மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றையொட்டிய பேரூராட்சி இது. 1950-களில் அமராவதி அணை எழும்புவதற்கு முன்பே இங்கே ராஜவாய்க்கால் பாசனம் உண்டு. கல்லாபுரம், ராமகுளம், கொமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு வாய்க்கால்கள். நெல், கரும்பு, தென்னை. கரும்பில் ஒரு பங்கு ஆலைக்கொட்டகையில் காய்ச்சி வெல்லமாகும். திருப்பூர் நகரத்தைப் போல இது பனியன் ஊர் அல்ல. ஆனாலும் பனியன் தொழிலின் கை இவ்வளவு தூரம் நீள்கிறது. உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பக்கத்து ஊர்களுக்கு விடியற்காலையில் வேன் அனுப்பி ஆள் ஏற்றிப்போகும் கம்பெனிகள் உண்டு. வீட்டோடு திருப்பூருக்கே குடிபெயர்ந்த குடும்பங்களும் உண்டு. வயலுக்கும் வேனுக்கும் நடுவே இருக்கும் ஊர் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே யோசிக்க வேண்டும்.

யாருக்கு இந்த மையம்?

பத்தாவது முடித்த பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வழி ஏற்கனவே இருக்கிறது. மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. ஐடிஐ என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அந்தத் திட்டத்தில் வருபவை. உடுமலைப்பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது, கொமரலிங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். எட்டாவது மட்டும் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவுகளும் உண்டு. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

இவ்வளவும் பஸ் தூரத்தில் இருக்கும்போது, ஊருக்குள் இன்னொரு வெல்டிங் கூடமும் பிட்டர் கூடமும் கட்டுவது வீண். மையத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆகக்கூடிய பெரிய உதவி, மே, ஜூன் மாதங்களில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொடுப்பதும், சேர்ந்த பிறகு பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வதும்தான். அதற்கு ஒரு மேசையும் பொறுப்பான ஓர் ஆளும் போதும்.

மையம் நிஜமாகத் தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. முப்பது வயது, இரண்டு குழந்தைகள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருக்கும் பெண். அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது, நடவுக்கும் வந்துகொண்டிருக்கிறது; வருடத்தில் அவருக்குக் கிடைக்கும் வேலைநாட்கள் சுருங்குகின்றன. நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் திட்டம் ஊராட்சிகளுக்காக வந்தது, பேரூராட்சிக்கு இல்லை என்பதால் அந்தக் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. ஒரு வருடம் முழுநேரமாக உட்கார்ந்து படிக்க அவரால் முடியாது. திருப்பூர் வேனில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகும், குழந்தையை விட ஆளில்லை. இன்னொருவர், பிளஸ் டூ முடித்த பெண். வெளியூர் விடுதிக்கு அனுப்ப வீட்டில் மனமில்லை. மூன்றாமவர், நாற்பது வயதில் தச்சோ, கொத்தோ, மோட்டார் வேலையோ அரைகுறையாகப் பழகிவைத்திருக்கும் ஆண். முறையாக யாரும் சொல்லித்தரவில்லை, சான்றிதழ் இல்லை. இந்த மூவரையும் கண்முன் நிறுத்திக்கொண்டு போடாத திட்டம் எதுவும் இந்த ஊருக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

எந்தத் தொழில்?

1965-ல் பிலிப் ஃபாஸ்டர் என்ற கல்வி ஆய்வாளர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காலனி காலத்திலிருந்தே அங்கே விவசாயப் பள்ளி, தொழிற்பள்ளி என்று திறந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளைகளோ குமாஸ்தா வேலைக்குப் போகும் பள்ளிகளையே தேடினார்கள். அதிகாரிகள் இதை உழைக்க மனமில்லாத குணம் என்றார்கள். ஃபாஸ்டர் மறுத்தார். குமாஸ்தா வேலையில் சம்பளம் அதிகம், வேலை நிலையானது. பிள்ளைகள் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள், பள்ளியில் பாடத்தை மாற்றி வெளியே இருக்கும் சம்பளத்தை மாற்ற முடியாது என்று எழுதினார். தொழிற்பயிற்சி கண்ணுக்குத் தெரிகிற வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அறுபது ஆண்டு கழித்தும் அது நம்மூருக்கு அப்படியே பொருந்துகிறது. ஆள் சேரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் பயிற்சி மையங்கள், சேராதவர்கள் போட்ட கணக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே, தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு மாதம் விசாரணைக்கு ஒதுக்க வேண்டும். வீடுவீடாகப் போய் "உங்களுக்கு என்ன பழக ஆசை?" என்று கேட்டால், பெண்கள் தையல் என்பார்கள், பையன்கள் கம்ப்யூட்டர் என்பார்கள். அவர்கள் காதில் விழுந்த இரண்டு பெயர்கள் அவை, அவ்வளவுதான். கூலி கொடுப்பவரிடம் கேட்பதே பயன் தரும். அங்கேயும் "ஆள் தேவையா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது, ஆமாம் என்றுதான் பதில் வரும். எத்தனை பேர், எந்த மாதத்தில், என்ன கூலிக்கு, என்ன தெரிந்திருந்தால் முதல் நாளே மெஷினில் உட்காரவைப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கொமரலிங்கத்தைச் சுற்றி இப்படி விசாரித்தால் தையலுக்கு வெளியிலும் வேலை இருப்பது தெரியவரும். முதலாவது பம்ப்செட். தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் அதிகமான இலவச விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனால் விவசாயிக்கு அன்றைக்கே ஆள் வேண்டும், பயிர் காத்திருக்காது. மோட்டாரைக் கழற்றி, கருகிய காயிலை எடுத்து, சுற்று எண்ணிப் புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் போட்டுக் காயவைத்துத் திரும்பப் பொருத்தும் வேலையை ஒருவர் சில மாதங்களில் பழகலாம், கை தேர ஒரு வருடம் ஆகும். கோயம்புத்தூர் பம்ப் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் உதிரிப்பாகங்களுக்கும் சொல்லித்தரும் ஆளுக்கும் பஞ்சமில்லை. நாற்பது வயது அரைகுறை மெக்கானிக்குக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இந்த வட்டாரத்தில் இல்லை.

இரண்டாவது தென்னை. மரமேறும் ஆட்கள் குறைந்துபோய், ஏறுபவர் கேட்டதுதான் கூலி என்று ஆகிவிட்டது. தென்னை வளர்ச்சி வாரியம் இதற்கென்றே 2011-ல் மரமேறும் கருவி கொண்டு ஏறப் பழக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கேரளத்தில் பெண்களும் அதில் பழகி ஏறுகிறார்கள். வாரியத்தின் பண்ணை ஒன்று உடுமலைக்குப் பக்கத்தில் தளியிலேயே இருக்கிறது. இதற்கு நாமே தனியாகப் பாடத்திட்டம் எழுத வேண்டியதில்லை, போய்க் கேட்டு ஊருக்கு வரவழைத்தால் போதும். மட்டையிலிருந்து கயிறு, நார் என்று அதற்குமேல் போவதானால் விற்பனைக்கு யார் பொறுப்பு என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளைப் பார்த்து, அந்த வேலைக்கும் பயிற்சி கொடுக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். உயரத்தில் ஏறிச் செய்யும் மின்வேலை அது, கம்பெனிகள் டிப்ளமோவோ ஐடிஐயோ கேட்பார்கள். சிறிய மையம் அதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

ஓவர்லாக்கில் உட்காரும் பெண்

தையலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மையங்கள் தையலில்தான் தொடங்குகின்றன, தவறுவதும் அதில்தான் அதிகம்.

கிராமத்துத் தையல் வகுப்பில் கால் மிதி மெஷினை வைத்து ஜாக்கெட், பாவாடை, சுடிதார் பழக்குவார்கள். ஆறு மாதம் கழித்துச் சான்றிதழும் கிடைக்கும். அந்தப் பெண் பனியன் கம்பெனி வாசலில் போய் நின்றால், மறுபடியும் கைமடி என்னும் உதவியாள் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே ஓடுவது ஓவர்லாக், பேட்லாக், பவர் மெஷின். தைப்பது பின்னல் துணி. நெய்த துணியில் பழகிய கைக்குப் பின்னல் துணி புதிது.

புதிதாக ஒருவர் ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். மேலே ஊசி, கீழே இரண்டு லூப்பர். மெஷினில் இருக்கும் கத்தி துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும், நூல்கள் அந்த ஓரத்தைச் சுற்றிப் பின்னும். கீழ் லூப்பரில் நூல் கோர்ப்பதுதான் புதியவர்களை அழவைக்கும் வேலை. வழி தெரியாமல் பழைய நூலோடு முடிச்சுப் போட்டு இழுத்துச் சமாளிப்பார்கள், நூல் நடுவில் அறுந்தால் கையைக் கட்டிக்கொண்டு மெக்கானிக்குக்காகக் காத்திருப்பார்கள். அடுத்தது துணி. டீ-சர்ட்டின் தோள்பட்டையைச் சேர்க்கும்போது பயத்தில் துணியை இழுப்பார்கள். பின்னல் துணி இழுத்தால் நீளும், தைத்து முடிந்ததும் ஓரம் அலை அலையாக நிற்கும். மெஷினின் பல் முன்னும் பின்னும் இரண்டு பாகமாக இருக்கிறது, முன்பல்லின் ஓட்டத்தைக் கூட்டினால் இந்த அலை அடங்கும் என்று யாராவது ஒருமுறை நிதானமாகக் காட்டினால் போதும், அந்தப் பெண்ணுக்கு மெஷின் மீதிருந்த பயம் போய்விடும். ஊசி விஷயமும் அப்படித்தான். பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூர் ஊசி இழையை அறுத்துவிடும்; தைக்கும்போது தெரியாது, துவைத்த பிறகு தையலோரம் ஓட்டை ஓட்டையாக வரும்.

கம்பெனியில் இதையெல்லாம் நிதானமாகக் காட்ட யாருக்கும் நேரமில்லை. பண்டல் நகர வேண்டும், பீஸ் எண்ணிக்கை ஏற வேண்டும். கைமடியாகச் சேர்ந்தவர் சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடக்கும் மெஷினில் உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டு பழகுவதே திருப்பூரின் பழைய பள்ளிக்கூடம். இப்படித்தான் பல்லாயிரம் டெய்லர்கள் உருவானார்கள், அதில் மரியாதைக்குரிய திறமை இருக்கிறது. ஆனால் கைமடிக் கூலியில் கழியும் மாதங்கள் ஏராளம், சிலருக்கு வருடங்கள். வீட்டு நெருக்கடியில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு அந்தக் காலம் பெரிய நஷ்டம்.

பயிற்சி மையத்தால் கம்பெனியை விட நன்றாகச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: துணியைக் கெடுத்துப் பழகவிடுவது. திருப்பூரில் கட்டிங் கழிவும் கட்பீஸும் கிலோ கணக்கில் கிடைக்கும். மாதாமாதம் எத்தனை கிலோ பின்னல் துணி பழகக் கெடும் என்று கணக்கிட்டு, அதற்கும் நூலுக்கும் ஊசிக்கும் கரண்ட் பில்லுக்கும் வரவுசெலவில் தனி வரி போட வேண்டும். இந்த வரி இல்லாத திட்ட அறிக்கையைப் பார்த்தால், மெஷின்கள் உறை போட்டுப் பத்திரமாக இருக்கப்போகின்றன என்று இப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்து மாஸ்டர். சான்றிதழ் வைத்திருக்கும் ஆசிரியரைவிட, பத்துப் பதினைந்து வருடம் லைனில் தைத்து, இப்போது வீட்டுக் காரணங்களால் ஊரோடு இருக்கும் பெண் டெய்லர் நல்ல மாஸ்டர். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். கம்பெனியில் அவர் வாங்கிய கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பாதிச் சம்பளத்துக்குச் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. மெஷின் ரிப்பேருக்கு ஒரு மெக்கானிக் வாரம் ஒருநாள் வந்து, வேலை பார்க்கும்போதே பழகுபவர்களுக்கும் காட்டிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

மூன்று மாதம், அரை நாள் வகுப்பு, ஒரு மெஷினுக்குக் காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று வைத்தால் பத்து மெஷினில் இருபது பேர் பழகலாம். ஒரே மெஷினைச் சுற்றி மூன்று பேர் நின்று வேடிக்கை பார்ப்பது பயிற்சி ஆகாது. நீண்ட படிப்புகள் மீது கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவுக்கே கோபம் உண்டு. 1945-ல் கோவையில் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்த அவர், நாலு வருடத்தில் சொல்லித்தருவதை இரண்டு வருடத்தில் தந்துவிடலாம் என்று வாதாடியவர். தையலுக்கு மட்டுமல்ல, காயில் கட்டுவதற்கும் அந்தச் சிந்தனை பொருந்தும்: கையில் வேலையை வைத்துக்கொண்டு பழகினால் காலம் குறையும்.

வகுப்பின் கடைசி இரண்டு வாரம் கணக்குக்கு ஒதுக்க வேண்டும். பீஸ் ரேட் என்றால் என்ன, ஷிப்ட் கூலி என்றால் என்ன, ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் எவ்வளவு வர வேண்டும், பி.எஃப். பிடித்தமும் இ.எஸ்.ஐ. பிடித்தமும் எவ்வளவு. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் தெரிந்தவர் சம்பளச் சீட்டை வேறு கண்ணோடு பார்ப்பார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதையும் மெஷினோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

ஒரே தொழிலை நம்பலாமா?

நம்பக் கூடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்கான விலை அது, நியாயமான உத்தரவுதான். ஆனால் சாயம் நின்றதும் அதன் பின்னால் கட்டிங்கும் தையலும் தடுமாற, ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்பினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது மறுபடியும் ஆர்டர்கள் ஆட்டங்கண்டன. வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர், வெளியே ஒரு முடிவு எடுத்தால் உள்ளே நடுங்குகிறது. கொமரலிங்கத்துப் பெண்ணுக்குத் தையலோடு உள்ளூரில் ஓடக்கூடிய இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பள்ளிச் சீருடை தைப்பதோ, நைட்டி, உள்ளாடை வெட்டித் தைத்து உடுமலைச் சந்தையில் விற்பதோ. முழு உடையையும் வெட்டித் தைக்கப் பழக்கும் மையமே இதற்கு உதவும். லைனில் தோள்பட்டை மட்டும் சேர்த்துப் பழகியவருக்கு லைன் நின்றால் தொழிலும் நின்றுவிடும்.

செலவு எங்கிருந்து வரும்?

இதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை எதிர்த்து வெளியேறிய பேட்ரிக் வான் ரென்ஸ்பெர்க் என்பவர், போட்ஸ்வானாவில் செரோவே என்ற பெரிய கிராமத்தில் 1963-ல் ஒரு பள்ளி தொடங்கினார். ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்து 1965-ல் கட்டுமானப் படை ஒன்றை அமைத்தார். பிள்ளைகள் வாரத்தில் பெரும்பகுதி நிஜமான கட்டட வேலை செய்வார்கள், மீதி நேரம் கணக்கும் பாடமும். வேலைக்கு வரும் கூலி பயிற்சியின் செலவை ஈடுகட்டும். பிறகு தச்சு, நெசவு, விவசாயம் என்று பல படைகள் வந்து நாடு முழுக்கப் பரவின. இதற்காக அவருக்கு 1981-ல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

அழகான ஏற்பாடு. ஆனால் அதன் உள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. செலவை ஈடுகட்ட வேண்டுமென்றால் வேலை வேகமாக முடிய வேண்டும். வேகமாக முடிய, ஏற்கனவே தெரிந்தவர் கையில் வேலையைக் கொடுக்க வேண்டும். அப்போது பழகுபவர் எடுபிடியாகிவிடுவார். ஜாப்வொர்க் எடுத்து மையத்தை நடத்தலாம் என்று நம்மூரிலும் யோசனை வரும். எடுக்கலாம், ஆனால் ஒரு வரம்போடு: வகுப்பு முடிந்தவர்கள் மட்டும், தனி நேரத்தில், பீஸ் ரேட் வாங்கிக்கொண்டு செய்யட்டும். பழகும் நேரத்தில் ஆர்டர் பண்டல் உள்ளே வரக் கூடாது.

இன்னொரு வழி, இருக்கிற அமைப்பைக் கூட்டாளி ஆக்கிக்கொள்வது. கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்து உஜிரேயில் 1982-ல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தன. சில வார உறைவிடப் பயிற்சி, சாப்பாடு தங்குமிடம் இலவசம், முடித்த பிறகு இரண்டு வருடம் பின்தொடர்ந்து வங்கிக் கடன் முதல் வியாபாரம் வரை கைகொடுப்பது என்ற அந்த முறை நன்றாக நடந்ததால், மத்திய அரசு அதையே நாடெங்கும் மாவட்டத்துக்கு ஒன்று என்று கொண்டுவந்தது. திருப்பூர் மாவட்டத்தில் அதை நடத்துவது கனரா வங்கி. அதன் வாசலுக்கு கொமரலிங்கத்திலிருந்து போவது தூரம். ஆனால் ஊரில் இடமும் இருபத்தைந்து, முப்பது பேரும் தயார் என்றால் வகுப்பை இங்கே நடத்தித் தர முடியுமா என்று எழுதிக் கேட்க வேண்டும். பேரூராட்சி என்பதால் ஊரக வளர்ச்சித் துறைத் திட்டங்களில் சில இங்கே நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்தே விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

அரசுத் திட்டப் பணத்தை நம்பி இறங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: அது தவணையில் வரும், கடைசித் தவணை தாமதமாக வரும். மாஸ்டருக்கும் மாச வாடகைக்கும் ஆறு மாதத்துக்கான பணம் கையில் இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. கட்டடத்துக்கு நன்கொடை சுலபமாகக் கிடைக்கும், கல்லில் பெயர் பொறிக்கலாம் அல்லவா. மாஸ்டர் சம்பளத்துக்குக் கிடைப்பது கஷ்டம். நன்கொடையாளர்களிடம் இதை வெளிப்படையாகப் பேசி, மூன்று வருடச் சம்பளத்தைக் கேட்பதே நேர்மை.

நேரம், பாதுகாப்பு, ஒப்பந்தம்

வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் தேதிதான் இந்த ஊரின் காலண்டர். நடவு நாட்களில் வகுப்பு வைத்தால் ஆள் வராது, வரவும் கூடாது. அந்தக் கூலிதான் அவர்களுடைய சாப்பாடு. அதனால் தண்ணீர் திறப்பைப் பார்த்து, இரண்டு போகங்களுக்கு நடுவே வகுப்பு தொடங்க வேண்டும். குழந்தை உள்ளவர்களுக்கான காலை வகுப்பு தினமும் பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்தால் பள்ளிக்குப் போன குழந்தை திரும்பும் முன் தாய் வீட்டில் இருப்பார். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பாயும் ஓர் ஆளும், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும் வேண்டும். பெண்கள் பாதியில் நிற்கும்போது சொல்லும் காரணம் வேறாக இருந்தாலும், பல நேரம் நிஜமான காரணம் நேரம், குழந்தை, கழிப்பறை என்ற இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் முக்கியம். எல்லாச் சாதிப் பெண்களும் கூச்சமில்லாமல் நடந்து வரக்கூடிய, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து இடமாகப் பார்க்க வேண்டும். ஒரு தெருக்காரர்களின் மையம் என்று பெயர் வந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

பயிற்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தில் நடந்த அநியாயத்தையும் மறந்துவிடக் கூடாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருடம் பழகுநர் என்று மில் விடுதியில் வைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பியவர்களை வெறுங்கையோடு அனுப்பிய கதைகள் 2011 வாக்கில் வெளிநாட்டு வாங்குபவர்கள் காதுவரை போயின. ஆகவே மையத்திலிருந்து எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் கூலி, வேலை நேரம், விடுதி, வேன், விலகும் முறை ஆகியவை தமிழில் எழுதப்பட்ட தாளில் இருக்க வேண்டும். 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி சேர்ப்பதானால் பதிவு செய்த ஒப்பந்தமும் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. முதலில் மையத்தார் இரண்டு பேர் நேரில் போய்க் கம்பெனியையும் விடுதியையும் பார்த்துவிட்டு வரட்டும். ஆளுக்கு இவ்வளவு என்று கம்பெனியிடம் கமிஷன் வாங்கும் மையம் பழகுபவரின் பக்கம் நிற்க முடியாது. அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

வேலைக்குச் சேர்த்துவிட்டதும் கணக்கை முடித்துக்கொள்வது வழக்கம். சேர்ந்தவர்களில் பலர் நிற்பது முதல் மூன்று மாதத்தில்தான். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: பெயர், சேர்ந்த இடம், முதல் மாதக் கூலி, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம். நின்றுவிட்டால் ஏன் என்று ஒரு வரி. இதற்கு மாதம் ஒருநாள் போன் பேச ஓர் ஆளை நியமிக்க வேண்டும். அடுத்த வகுப்பில் என்ன மாற்ற வேண்டும் என்பது இந்த நோட்டில்தான் எழுதியிருக்கும்.

கடைசியாகக் கட்டடம். முதல் இரண்டு வருடம் வாடகைக் கொட்டகையே சரி. மூன்று பேஸ் கரண்ட் இணைப்பு, வெளிச்சம், சிமெண்ட் தரை, மழை ஒழுகாத கூரை இருந்தால் போதும். மெஷின்களைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. திருப்பூரில் பழைய ஓவர்லாக், பேட்லாக் வாங்கவும் விற்கவும் கடைகள் இருக்கின்றன, நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்து எடுக்கலாம். இரண்டு வகுப்பு தொடர்ந்து பாதிப் பேருக்கு மேல் வேலை கிடைக்கவில்லை என்று நோட்டு காட்டினால், அந்தத் தொழிலை நிறுத்திவிட்டு மெஷின்களை அதே கடையில் விற்று, அடுத்த தொழிலுக்கான சாமான் வாங்கலாம்.